தாலி கட்டும் நேரத்தில் எந்த மீட்டரிங்?

வணக்கம் உறவுகளே. கல்லடிக் கடற்கரையில் நிற்கிறேன், காலை ஆறரை மணி. நம்ம கரையில் சூரியன் கடலில்தானே எழும்பும், அதனால் எனக்குப் பின்னால் தண்ணீர் பளபளக்கிறது, என் முகம் கறுத்துக் கிடக்கிறது. பாருங்கள், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை ஒன்றரை ஸ்டொப் கூட்டுகிறேன். ஒரு ஸ்டொப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. முகம் வந்துவிட்டது, கடல் வெளிறிப் போனது. கல்யாண மணவறையிலும் இதே சிக்கல்தான். மீட்டரிங் என்றால் கமரா வெளிச்சத்தை அளக்கிற விதம், அதில் எதை வைப்பது என்று தம்பிமார் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

மீட்டர் தான் பார்க்கிற இடத்தை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும், 18 வீதச் சாம்பல் என்று சொல்வோமே, அது. வெள்ளை வேட்டியைக் காட்டினால் படத்தை இருட்டாக்கும். கறுப்புக் கோட்டைக் காட்டினால் வெளிறவைக்கும். நிக்கோனில் மெட்ரிக்ஸ், கெனானில் எவலுவேடிவ், சோனியில் மல்டி என்கிறோமே, அது முழுப் படத்தையும் பல துண்டாகப் பார்த்துக் கணக்குப் போடும். 1983இல் நிக்கோன் எஃப்ஏ கமராவில் வந்த யோசனை அது. ஸ்பொட் என்றால் ஒரு சின்ன வட்டத்தை மட்டும் பார்க்கும். சென்டர் வெயிட்டட் நடுப்பகுதிக்கு அதிக மதிப்புக் கொடுக்கும். நான் அதை இப்போது தொடுவதே இல்லை.

பந்தலில் ஆட்கள் வருவது, பன்னீர் தெளிப்பது, பிள்ளைகள் ஓடித்திரிவது எல்லாவற்றுக்கும் மெட்ரிக்ஸ் போதும். தேவாலயக் கல்யாணத்தில் பொம்பிளை வாசலால் உள்ளே வரும்போது, பின்னால் வெளி வெயில் அடிக்கும். அங்கே மட்டும் ஒரு ஸ்டொப்பாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் தாலி கட்டும் நேரம் வேறு. தொழிலுக்கு வந்த புதிதில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக் கல்யாணம் எடுத்தேன். மெட்ரிக்ஸ், அபர்ச்சர் மோட், அதாவது ஷட்டர் வேகத்தைக் கமராவே முடிவுசெய்யும். கெட்டிமேளம் கேட்டதும் எல்லோரும் எழும்பி அரிசியும் பூவும் போடுகிறார்கள், வெள்ளைச் சேர்ட் போட்ட மாமாமார் குறுக்கே வருகிறார்கள், பின்னால் பல்ப் மாலை மின்னுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் கமரா புதிதாகக் கணக்குப் போட்டது. ஐந்து படம் எடுத்தேன், ஐந்தும் ஐந்து வெளிச்சம். மாமாவின் சேர்ட் நடுவில் வந்த படத்தில்தான் தாலி கழுத்தில் ஏறுகிறது, அதில் பொம்பிளையின் முகம் இருட்டு. அல்பம் கொடுத்த அன்று அவவின் அம்மா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. அந்த நேரத்தைத் திரும்ப எடுக்க முடியாதே. எனக்கு இன்றும் அது மனவருத்தம்.

அதற்குப் பிறகு இப்படித்தான் செய்கிறேன். கூறை மாற்றிக்கொண்டு பொம்பிளை மணவறைக்கு வந்து உட்கார்ந்ததும், முதலில் வீடியோ அண்ணாவிடம் போய், "தாலிக்குப் போடுகிற லைட்டை இப்பவே ஒருக்காப் போடுங்கோ அண்ணா" என்று கேட்பேன். இதை மறந்தால் மற்ற எல்லாம் வீண். கடைசி நிமிடத்தில் அந்த லைட் எரிந்தால் நாம் பார்த்து வைத்த அளவு பிழைத்துவிடும். லைட் எரியும்போது ஸ்பொட்டுக்கு மாறி, மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டியில், அந்த வெளிச்சம் விழுகிற இடத்தில் அளப்பேன். மீட்டர் பூச்சியத்தில் நின்றால் வேட்டி சாம்பலாகும், அதனால் ஒன்றேமுக்கால் ஸ்டொப் அளவுக்குக் கூட்டி வைப்பேன். பட்டின் நெசவு தெரியும், முகமும் தன் நிறத்தில் வந்து உட்காரும். கெனானில் பல மொடல்களில் ஸ்பொட் வட்டம் நடுவில்தான் இருக்கும், நிக்கோனில் ஃபோகஸ் புள்ளியோடு நகரும். உங்கள் கமராவில் எப்படி என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

முகத்திலேயே அளக்கலாமே என்று கேட்பீர்கள். அளக்கலாம். ஆனால் மேக்கப் போட்ட முகம் ஒரு அளவு, மாப்பிள்ளையின் முகம் வேறு அளவு. வேட்டி எப்போதும் வேட்டிதான், அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை.

அந்த அளவை, எல்லாவற்றையும் நாமே வைக்கிற மெனுவல் மோடில் அப்படியே பூட்டிவிடுங்கள். கமராவின் ஒளி உணர்திறனைத் தானாக மாற்றுகிற ஆட்டோ ஐஎஸ்ஓவை நிறுத்த மறக்கவேண்டாம். அது ஓடிக்கொண்டிருந்தால் மெனுவல் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே மீட்டர் வெளிச்சத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நம்ம கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதனால் ஹோல் எல்ஈடிகள் சிலது செக்கனுக்கு நூறு தரம் துடிக்கும். ஷட்டரை 1/100இல் வைத்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் ஏறி இறங்காது.

இன்னொன்று, சிவப்புக் கூறை. படத்தின் மொத்த வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டுகிற வரைபு, அந்த வெள்ளை ஹிஸ்டோகிராம் சரியாக இருக்கும், ஆனால் சிவப்பு மட்டும் நிரம்பி, சரிகைக்குப் பக்கத்தில் துணியின் மடிப்பே தெரியாமல் போகும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். சிவப்பு வலப்பக்கச் சுவரில் முட்டினால் கால் ஸ்டொப், அரை ஸ்டொப் குறைத்துவிடுங்கள், ரோவில், அதாவது கமரா பதிந்ததை அப்படியே வைக்கிற கோப்பாக எடுத்தால், முகத்தின் வெளிச்சத்தைப் பிறகு தூக்கலாம்.

சரி உறவுகளே, வெயில் ஏறுகிறது. வருகிற கிழமை திருக்கோவில் பக்கம் ஒரு கல்யாணம் இருக்கிறது. வீட்டுக்காரர் சம்மதித்தால் வேட்டியில் அளப்பதை அங்கேயே எடுத்துக் காட்டுகிறேன்.