ஆளப் பாத்து எழுதுன கேரக்டர்கள்

வணக்கம் நேயர்களே. இன்னைக்கு நான் பேசப்போறது எனக்கு ரொம்ப நாளா புடிச்ச சியர்ஸ் சீரியலப் பத்தி. 1982-ல இருந்து 1993 வரைக்கும் அமெரிக்க டிவில ஓடுன காமெடி, பாஸ்டன்ல ஒரு பாரு, அதுல வேலை பாக்குறவங்க, தினமும் வந்து உக்கார்றவங்க, அவ்வளவுதான் கதை. அதுல நடிக்க வந்த ஆளப் பாத்துட்டு கேரக்டர மாத்துனாங்க பாருங்க, அதுதான் எனக்கு முக்கியம்.

பார் ஓனர் சாம், முதல்ல பழைய அமெரிக்கன் ஃபுட்பால் பிளேயர்னு யோசிச்சு வச்சிருந்தாங்க. அந்த ரோலுக்கு வந்த டெட் டான்சன் அந்த மாதிரி கட்டுமஸ்தான ஆளு இல்ல, அதனால பேஸ்பால்ல பந்து எறியுற பிட்சரா மாத்திட்டாங்க.

இதவிட நடிகர் ஜான் ராட்சன்பெர்கர் கதை இருக்கே, அத நான் எத்தனை வாட்டி சொன்னாலும் சலிக்காது. அவர் ஆடிஷன் குடுத்தது, தினமும் பாருக்கு வந்து உக்கார்ற நார்ம் மாதிரியான ரோலுக்கு, சரியா வரல, வெளிய கிளம்புற நேரம். அப்போ திரும்பி நின்னு, உங்க பார்ல எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுற ஆளு யாராச்சும் இருக்காரான்னு கேட்டாரு. இல்லன்னாங்க. உடனே அங்கயே அந்த மாதிரி பேசிக் காட்டுனாரு. கவனிங்க, ஸ்கிரிப்ட்லயே இல்லாத ஆளு! அப்படி வந்தவர்தான் போஸ்ட்மேன் கிளிஃப். யாரும் கேக்காமலே வந்து தகவல் சொல்ற ஆளு, நம்ம டீக்கடை பெஞ்சுலயும் ஒருத்தர் இருப்பாருல்ல, அவரேதான்.

அப்புறம் கோச், பார்ல வேலை பாக்குற வெள்ளந்தியான வயசானவரு. அந்த ரோல்ல நடிச்ச நிக்கோலஸ் கொலசாண்டோ 1985-ல இறந்துட்டாரு. அவர மாதிரியே இன்னொரு வயசானவரத் தேடல, உடி ஹாரல்சன்னு ஒரு சின்னப் பையனக் கொண்டுவந்தாங்க. வெள்ளந்தி மனசு மட்டும் அதேதான். கதையிலயும் அவன் பேரு உடிதான், கோச்சப் பாக்க பாருக்கு வர்றான், ரெண்டு பேரும் பேனா நண்பர்களாம். சரி லெட்டர் போட்டுக்கிட்டீங்களான்னு கேட்டா, இல்ல, பேனாவத்தான் மாத்திக்கிட்டோம்கிறான். சிரிக்கிறோம், கோச்சும் இப்படித்தான பேசுவாருன்னு நெஞ்சு அடைக்குது, ரெண்டும் ஒரே நேரத்துல. கொலசாண்டோ தன் டிரெஸ்ஸிங் ரூம்ல வச்சிருந்த, ஜெரோனிமோங்கிற அமெரிக்கப் பழங்குடித் தலைவரோட படத்த அப்புறம் பார் செட் சுவத்துலயே மாட்டிட்டாங்க, கடைசி எபிசோட்ல சாம் அந்தப் படத்த நேரா வைப்பாரு, அடுத்த தடவ பாக்கும்போது கவனிங்க.

நேரம் முடியப்போகுதுன்னு கை காட்றாங்க. 1987-ல ஷெல்லி லாங் போனப்ப கிர்ஸ்டி ஆலி வந்ததயும் விரிவா சொல்லணும்னு இருந்தேன், அங்கயும் ஷெல்லி நடிச்ச டயான் கேரக்டர் மாதிரியே இன்னொருத்தியத் தேடல. ஃப்ரேசியர்ங்கிற கேரக்டர் பத்தி ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், அந்த ரோல்ல கொஞ்ச எபிசோடுக்குன்னு வந்த கெல்சி கிராமர் கடைசி வரைக்கும் இருந்து, 1993-ல அதே கேரக்டர் பேருல தனி சீரியலே பண்ணாரு. நன்றி, வணக்கம்.