கதவில் ஓட்டை இல்லாத வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

லண்டனுக்கு வந்த புதிதில் எங்களுக்குக் கிடைத்த கவுன்சில் வீடு, அதாவது உள்ளூராட்சி சபை வாடகைக்குக் கொடுக்கிற வீடு, நாலாம் மாடியில் இருந்தது. அம்மா அந்த வீட்டில் முதலில் செய்த வேலை, முன்கதவில் கடிதம் போடும் ஓட்டைக்குள் பழைய துணியைத் திணித்து, அதற்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியதுதான். தை மாதக் காற்று அதற்குள்ளால் விசில் அடித்துக்கொண்டு வரும். தபால்காரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாளில் இருந்து கடிதங்களை வாசலிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

படுக்கையறை மூலையில், அலுமாரிக்குப் பின்னால், கறுப்பாகப் பூஞ்சணம். பிளீச் போட்டுத் துடைப்போம். மூன்று கிழமையில் திரும்ப வந்துவிடும். ஒருநாள் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். சுவரை ஒரு தடவை பார்த்தார், குசினியில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை இரண்டு தடவை பார்த்தார். "நீங்கள் நிறையச் சமைக்கிறீர்கள். ஆவிதான் காரணம். யன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். யன்னலைத் திறந்தால் ஹீட்டிங் காசு வெளியே போகிறது, பூட்டினால் பூஞ்சணம் வருகிறது. கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் பலருக்கு இது புதுக்கதை இல்லை என்று நினைக்கிறேன்.

அவர் சொன்னது முழுப்பிழை என்றும் இல்லை. சோறு வடித்தால் ஆவி வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஆவி போய்த் தண்ணீராகப் படிவது குளிர்ந்து கிடக்கிற சுவரில். சுவர் ஏன் குளிர்ந்து கிடக்கிறது என்று கட்டினவரிடம் அல்லவா கேட்கவேண்டும்? 2020 டிசெம்பரில் வட இங்கிலாந்தின் ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, பூஞ்சணம் பிடித்த சமூக வீடொன்றில் வாழ்ந்ததால் இறந்துபோனது. அங்கேயும் குடும்பத்தின் பழக்கவழக்கத்தைத்தான் குறை சொன்னார்கள். அந்தக் குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 ஒக்டோபரில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான ஈரம், பூஞ்சணம் என்று முறையிட்டால் சமூக வீட்டு உரிமையாளர்கள், அதாவது குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கிற கவுன்சில்களும் சங்கங்களும், 10 வேலைநாட்களுக்குள் விசாரிக்கவேண்டும். உடனடி ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள். முறையிடும்போது திகதியைக் குறித்து வையுங்கள்.

சரி. நான் பிறகு வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் பூட்டுகிற தொழிலுக்குப் போனேன், இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அதனால் இனிச் சொல்லப்போவது என் பிழைப்பிலேயே மண் போடுகிற கதை.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் நொரிச். அந்த நகரக் கவுன்சில் கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட் என்ற இடத்தில் வீடு கட்ட 2008இல் கட்டடக்கலைஞர்களுக்குப் போட்டி வைத்தது. மிக்கைல் ரிச்சஸ் என்ற நிறுவனமும் கதி ஹோலி என்ற கட்டடக்கலைஞரும் வென்றார்கள். அதே ஆண்டில்தான் வங்கிகள் சரிந்தன. காணியை வாங்கிக் கட்டுவதற்கு ஆள் இல்லை. கடைசியில் கவுன்சில், "சரி, நாங்களே கட்டுகிறோம்" என்று இறங்கியது. கட்டி முடித்த வீடுகள் ஏறத்தாழ 100. எல்லாம் கவுன்சில் வாடகைக்கு. 2019இல் பிரித்தானியாவின் பெரிய கட்டடக்கலைப் பரிசான ஸ்ரேர்லிங் பரிசு இந்தத் தெருவுக்குக் கிடைத்தது. கவுன்சில் வீட்டுத் திட்டம் ஒன்று அதை வென்றது அதுவே முதல் தடவை.

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். பார்த்தவுடன் கொஞ்சம் ஏமாற்றம்தான். பரிசு வாங்கின கட்டடம் என்றால் கண்ணாடிக் கோபுரம்போல ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேனோ என்னவோ. இருந்ததெல்லாம் செங்கல் வீடுகளின் வரிசை, கறுப்பாக மினுங்கும் ஓடு, சைக்கிள், குப்பைத் தொட்டி. மாடி வீட்டுக்கும் தெருவில் தனிக்கதவு. மூத்திர மணம் அடிக்கிற பொதுப் படிக்கட்டு என்ற ஒன்றே இல்லை. அரை மணித்தியாலம் நடந்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தெருவின் இரு பக்க வீடுகளுக்கும் இடையே 14 மீற்றர்தான். வழக்கமாக, ஒரு வீட்டு யன்னல் எதிர்வீட்டு யன்னலைப் பார்த்தால் 21 மீற்றர் விடச்சொல்வார்கள். இவர்கள் யன்னல்களை யோசித்து இடம் மாற்றி வைத்து, அந்த நெருக்கத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள். கூரையை 15 பாகை மட்டும் சரித்திருப்பதால் முன்வரிசை வீட்டின் நிழல் பின்வரிசையின் மேல் விழாது. மாரி வெயில் வரவேற்பறைக்குள் வரவேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அந்த வெயில்தான் அங்கே முதல் ஹீட்டர்.

அப்புறம் கதவைப் பார்த்தேன். கடிதம் போடும் ஓட்டை இல்லை! கதவுக்குப் பக்கத்தில், வாசல் தாழ்வாரச் சுவரில் ஒரு பெட்டி. தபால் அங்கேதான் விழும். அம்மா பிளாஸ்திரி ஒட்டிச் செய்த வேலையை இவர்கள் வரைபடத்திலேயே செய்துவிட்டார்கள். அந்த ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். யன்னலால் யாரோ என்னைப் பார்த்ததும் நடையைக் கட்டினேன்.

மிகக் குறைந்த ஹீட்டிங்கோடு சமாளிக்கும்படி வீடு கட்டுகிற இந்த முறைக்குப் பெயர் பசிவ்ஹவுஸ். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் வுல்ஃப்காங் ஃபைஸ்ட் என்பவர் 1990-91இல் இப்படி முதல் வீடுகளைக் கட்டி, அதிலேயே குடியிருந்தார். கணக்கு இதுதான்: ஒரு சதுர மீற்றர் தளத்தைச் சூடாக்க வருடம் முழுவதற்கும் 15 கிலோவாட்-மணி எரிசக்திக்கு மேல் தேவைப்படக்கூடாது. கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட்டில் சுவர்களின் தடிப்பு 60 சென்ரிமீற்றருக்கு மேல். ஆனால் சுவரைத் தடிப்பாக்குவது பெரிய வித்தை இல்லை, காசு இருந்தால் போதும். கஷ்டமான வேலை காற்றை அடைப்பது. கட்டி முடிந்ததும் வாசலில் ஒரு பெரிய விசிறியைப் பூட்டி வீட்டுக்குள் 50 பாஸ்கல் அழுத்தம் கொடுப்பார்கள். மணிக்கு 20 மைல் காற்று எல்லாப் பக்கத்தாலும் ஒரேயடியாக அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு வெளியேறுகிற காற்று, வீட்டின் கொள்ளளவில் 0.6 பங்கைத் தாண்டக்கூடாது. பிளம்பர் குழாய் விடக் குடைந்த துளையைச் சுற்றி மூடாமல் விட்டால் சோதனையில் பிடிபடும். எலெக்ட்ரீசியன் அவசரத்தில் துளைத்த இடமும் பிடிபடும். நானும் அப்படி எத்தனையோ துளை போட்டுப் பூசி மறைத்தவன்தான், மறைப்பானேன்.

அப்படி இறுக்கி மூடினால் மூச்சு முட்டாதா? அதற்குத்தான் ஒரு காற்றோட்டப் பெட்டி வைக்கிறார்கள். குசினியிலும் குளியலறையிலும் இருந்து பழைய காற்றை இழுக்கும், வெளிக்காற்றைப் படுக்கையறைக்குள் விடும். இரண்டும் மெல்லிய தகடுகளின் இரு பக்கத்தால் போகும். கலக்காது, ஆனால் போகிற காற்று தன் சூட்டை வருகிற காற்றிடம் கொடுத்துவிட்டுப் போகும். சோற்று ஆவியும் அந்த வழியே வெளியே போய்விடும். இதெல்லாம் செய்து, ஒரு வீட்டின் எரிசக்திச் செலவு வருடத்துக்குச் சுமார் 150 பவுண் என்று 2019இல் சொன்னார்கள். அது அன்றைய விலை. பிறகு விலை ஏறி, 2022 ஒக்டோபரில் அரசாங்கம் தலையிட்டும் சாதாரண வீட்டு பில் வருடம் 2,500 பவுண்ணில்தான் நின்றது. எனக்கு அந்த மாரியில் வந்த அழைப்புகளில் பாதி, "அண்ணை, பொயிலர் பழுதில்லை, எப்படிக் குறைவாகப் போடுறது எண்டு சொல்லுங்கோ" என்பதுதான்.

குறைகளும் உண்டு. காற்றோட்டப் பெட்டியில் வடிகட்டி இருக்கிறது, அதைக் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும். மிளகாய் வறுத்து, மீன் பொரித்து, வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் போடுகிற எங்கள் வீடுகளில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மாற்றுவது யார்? சத்தம் பிடிக்கவில்லை என்று சிலர் பெட்டியையே நிறுத்திவிடுவார்கள். அன்றிலிருந்து அது காற்றுப் போகாத டப்பா. இன்னொன்று, இந்தப் பரிசு வாங்கின அதே நொரிச் கவுன்சில், தன் பழைய வீடுகளில் மின்சாரச் சோதனை போன்ற பாதுகாப்புச் சோதனைகளைச் செய்யாமல் நிலுவையில் விட்டதற்காக, 2021இல் சமூக வீடுகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பிடம் கண்டனம் வாங்கியது. புது வீடு கட்டுகிற கையும் பழைய வீடு பார்க்கிற கையும் ஒரே உடம்பில் இருந்தாலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

வீடு போதாது என்பது வேறு கதை. 1950களின் தொடக்கத்தில் கவுன்சில்கள் வருடத்துக்கு இரண்டு இலட்சம் வீடு வரை கட்டின. 1980இல் குடியிருப்பவர்களே வாங்கலாம் என்று சட்டம் வந்தது. இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ இருபது இலட்சம் வீடுகள் போய்விட்டன. நம்மவர்களிலும் அப்படி வாங்கி முன்னுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள், அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் போன அளவுக்குப் பதில் வீடு கட்டப்படவில்லை.

உங்கள் பகுதிக் கவுன்சில் புதிய வீடுகளின் படத்தை நூலகத்தில் வைத்துக் கருத்துக் கேட்டால் தயவுசெய்து போங்கள். படத்தில் மரமும், பலூன் பிடித்த பிள்ளையும் இருக்கும். அதைப் பார்த்து மயங்கவேண்டாம். விசிறி வைத்துச் சோதிப்பீர்களா, ஒவ்வொரு வீட்டையுமா அல்லது பத்துக்கு ஒன்றா என்று கேளுங்கள். வடிகட்டியை யார் மாற்றுவார், காசு யார் கொடுப்பார் என்றும் கேளுங்கள். ஆங்கிலம் தடக்கினால் படிக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நொரிச்சில் எடுத்த படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். சுவர்த் தடிப்பைச் சொன்னேன், கூரையைச் சொன்னேன், 150 பவுண் கணக்கையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியாகக் கடிதப் பெட்டியைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

"அப்ப கடிதம் எடுக்கக் குளிருக்குள்ள வெளியில போகவேணுமே?" என்றார்.