நங்கூரமும் அவருடையது, வரைபடமும் அவருடையது

வணக்கம் மக்களே. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், தென்கடல் பக்கம் நிற்கிறேன். கச்சான் காற்று, மைக்கில் இரைச்சல் வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வீடியோவில் ‘ஆலன் கோரல் அட்லஸ்’ என்று பவளப்பாறை வரைபடம் ஒன்றைச் செல்போனில் காட்டினேன் இல்லையா? அந்த ஆலன் யார் என்று கேட்டிருந்தீர்கள். பால் ஆலன். பள்ளிக்கூடச் சிநேகிதர் பில் கேட்ஸோடு 1975-இல் மைக்ரோசாஃப்டைத் தொடங்கியவர். 1982-இல் நிணநீர்ப் புற்றுநோய் வந்தது, அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டார். பங்குகளை மட்டும் விடவில்லை. பின்னால் கொட்டிய பணமெல்லாம் அதில் வந்ததுதான்.

1988-இல் போர்ட்லாண்ட் டிரெயில் பிளேசர்ஸ் கூடைப்பந்து அணியை வாங்கினார். அது ஆசைக்கு வாங்கியது. சியாட்டில் சீஹாக்ஸ் கதை வேறு. அது அமெரிக்கக் கால்பந்து அணி. பழைய முதலாளி 1996-இல் அதைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். ஊர்த் தேரை வெளியூருக்கு இழுத்துப் போகிறேன் என்றால் நம் ஆட்கள் விடுவார்களா? அங்கேயும் அப்படித்தான் கொதித்தார்கள். ஆலன் வாங்க முன்வந்தார், ஆனால் புது மைதானத்துக்கு மக்கள் பணமும் வேண்டும் என்றார். 1997-இல் அதற்கு ஒரு வாக்கெடுப்பு. அதை நடத்தும் செலவையும் அவரே ஏற்றார். மயிரிழையில் ஜெயித்தது. மக்கள் பங்கு சுமார் 30 கோடி டாலர். அணி ஊரிலேயே தங்கியது, 2014-இல் டென்வர் அணியை 43-8 என்று நொறுக்கிக் கோப்பையும் வாங்கியது. எல்லாம் சரி, அவ்வளவு பெரிய கோடீஸ்வரருக்கு ஊர்ப் பணம் எதற்கு? எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கொடுத்ததும் குறைவில்லை. மூளை ஆராய்ச்சி நிலையம் தொடங்க 2003-இல் 10 கோடி டாலர். எபோலா நோய் பரவிய 2014-இல் அதை ஒழிக்க இன்னொரு 10 கோடி.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். 2016 ஜனவரியில் கேமன் தீவுகளில் அவருடைய டட்டூஷ் என்ற சொகுசுக் கப்பலின் நங்கூரச் சங்கிலி பவளப்பாறையை அரைத்துவிட்டது. துறைமுகத்தார் காட்டிய இடத்தில்தான் போட்டோம் என்றது அவருடைய நிறுவனம். அப்புறம் பாறையைச் சீர்செய்ய ஆட்களை இறக்கினார்கள்.

இதை நாட்டுப்படகு ஓட்டும் என் மாமாவிடம் சொன்னேன். “தண்ணி நிறத்தைப் பார்த்தாலே பார் எது, மணல் எதுன்னு தெரியாதா மாப்ளே? பார்ல போட்டா, இழுக்கும்போது கொத்தா பேந்துல்ல வரும்” என்றார். பார் என்று அவர் சொல்வது பவளப்பாறையைத்தான். சரிதான். ஆனால் நாமும் ரொம்ப யோக்கியம் இல்லை. நம் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவித்த பிறகும் சுண்ணாம்புக் காளவாய்க்குப் பவளக்கல் வெட்டினோம். என் தாத்தா வீட்டுச் சுவரே பவளக்கல்தான். தேய்ந்த இடத்தில் விரலை வைத்தால் தேனடை மாதிரி பொத்துப் பொத்தாக இருக்கும்.

ஆலன் 2018 அக்டோபரில் 65 வயதில் இறந்தார், அதுவும் நிணநீர்ப் புற்றுநோய்தான், ஆனால் வேறு வகை. அவர் பணம் போட்டுத் தொடங்கிய வரைபடம் 2021-இல் முடிந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகத்தின் ஆழம் குறைந்த பவளத்திட்டுகளை வரைந்திருக்கிறார்கள். இலவசம்தான், நீங்களும் திறந்து பார்க்கலாம்.

மாமாவிடம் குருசடைத் தீவைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மீன் செதில் ஒட்டிய விரலால் திரையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். “நிறமெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கான். பேரை எங்கடா?”

ஒரு பாருக்கும் அதில் பெயர் இல்லை. படகு அணியத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். இதுவரை பதினொன்று. இரண்டு பெயருக்கு மட்டும் பக்கத்துப் படகுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டை இன்னும் ஓடுகிறது. முடிந்ததும் அடுத்த வீடியோ போடுகிறேன்.