பீஷ்மர் எப்படி அறிந்துகொண்டார்?

அவையில் கூடியிருக்கும் வாசகர்களுக்கும், மிகுபுனைவு, அதாவது ஃபேன்டசி, எழுத முனைந்திருக்கும் இளம் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

மறுபிறவியை வைத்துப் பின்னப்படும் மிகுபுனைவுகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. நாயகனை ஏறிட்டுப் பார்க்கும் முதியவர் ஒருவர், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மாண்ட தளபதியே இவன் என்று அந்தக் கணமே கண்டுகொள்கிறார். நெற்றித் தழும்போ வாள் பிடிக்கும் விதமோதான் சான்று. உண்மை முதல் அத்தியாயத்திலேயே நமக்குத் தெரிந்துவிட்டதால் நாமும் தடுத்துக் கேட்பதில்லை. வாசகருக்குத் தெரிந்ததை ஆசிரியர் எடுத்துப் பாத்திரத்தின் வாயில் வைத்துவிடுகிறார் என்பதே என் குறை. ஒருவர் இன்னாரின் மறுபிறவி என்று இன்னொருவர் நம்பத்தக்க விதத்தில் ஊகிக்க முடியுமா? முடியும் என்றே கருதுகிறேன். ஆனால் அதற்குக் கூர்மதி மட்டும் போதாது. ஊகிப்பவர், இறந்துபோன ஒருவரின் வரவை அச்சத்தோடோ ஏக்கத்தோடோ முன்பே எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் இருக்கிறது. சிகண்டியின் மேல் அம்பு தொடுக்க மாட்டேன் என்கிறார் பீஷ்மர். ஏன் என்று துரியோதனன் கேட்க, அம்பையின் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறார். காசி மன்னனின் மூத்த மகளைத் தம்பி விசித்திரவீரியனுக்காகச் சுயம்வரத்திலிருந்து கவர்ந்து வந்ததும், அவள் மனத்தில் வரித்திருந்த சால்வன் பின்னர் அவளை ஏற்க மறுத்ததும், அவளுக்காகப் பரசுராமரே வந்து போரிட்டும் பீஷ்மரை வெல்ல இயலாமற் போனதும் நீங்கள் அறிந்தவை. அதற்கடுத்து வரும் சிறு செய்தியைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். அம்பை தவம் செய்யக் காட்டுக்குப் புறப்பட்ட அன்றே தாம் கலங்கிப்போனதாகப் பீஷ்மர் சொல்கிறார். அவள் எங்கே போகிறாள், என்ன பேசுகிறாள், என்ன செய்கிறாள் என்பதை அன்றாடம் வந்து சொல்லும்படி ஆட்களை ஏவுகிறார். பரசுராமருக்கு அஞ்சாதவர், ஆதரவற்ற ஒரு பெண்ணின் நோன்பை நாள்தோறும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மறுபிறவியில் பீஷ்மரைக் கொல்வாய் என்று சிவன் வரம் தருகிறார். அம்பை யமுனைக் கரையில் தானே சிதை அடுக்கி, பீஷ்மரின் அழிவுக்காக என்று சொல்லித் தீயில் இறங்குகிறாள். முனிவர்களின் கண்ணெதிரே நடந்தது இது. இதன் பிறகு, பீஷ்மரை வீழ்த்த ஒரு மகன் வேண்டும் என்று தவம் கிடந்த பாஞ்சால மன்னன் துருபதனின் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. அதுவே சிகண்டி. ஆண் என்று ஊருக்கு அறிவித்து, ஆண்பிள்ளைக்கு உரிய சடங்குகளையே செய்கிறார்கள். பெற்றோரைத் தவிர அந்நகரில் எவரும் அறியாத அந்த மறைபொருள் அத்தினாபுரத்தில் இருந்த பீஷ்மருக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. தெரிந்த வழிகளையும் அவரே சொல்கிறார்: ஒற்றர்கள், நாரதரின் சொல், தெய்வ வாக்கு, அம்பையின் தவம். அந்த ஒற்றர்களை மூடரைப்போலவும் குருடரைப்போலவும் செவிடரைப்போலவும் துருபதனின் வீட்டில் நடமாட விட்டிருந்தார்.

இந்த நான்கில் நாரதரையும் தெய்வ வாக்கையும் நீக்கிவிட்டாலும் பீஷ்மரின் ஊகம் நிற்கும் என்பது என் துணிபு. துருபதன் மகளை மகன் என்று மறைக்கிறான் என்ற செய்தி வேறொருவர் காதில் விழுந்திருந்தால், வாரிசுக்காகச் செய்த சூழ்ச்சி என்று எண்ணி விட்டிருப்பார். பீஷ்மருக்கோ இறந்தவளின் சபதமும் தெரியும், தம் பழியும் தெரியும், துருபதனின் பகையும் தெரியும். அவற்றோடு சேரும்போது அந்த ஒரே செய்திக்கு வேறு பொருள் இருக்க முடியவில்லை.

மறுபிறவி உண்டு என்று எல்லாரும் நம்பும் ஓர் உலகில் ஊகம் மிக எளிதாகவே பிறக்கும் என்பதையும் எழுதுவோர் மறக்கக் கூடாது. என் அக்கா மகனைத் தொட்டிலில் இட்ட நாளில், என் பெரிய அத்தை அவன் இடக்கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். சுண்டுவிரல் சற்று உள்நோக்கி வளைந்திருந்தது. “அப்பாவே வந்துட்டார்” என்று சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். அதே வளைவு என் விரலிலும் உண்டு. நான் பிறந்தபோது தாத்தா உயிரோடு இருந்தார். அந்த விரல் தாத்தாவைப் பற்றி எதையும் நிறுவவில்லை. ஆனால் அத்தை அவரை எவ்வளவு தேடியிருக்கிறார் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். புனைகதையில் தவறான ஊகத்துக்கும் இடம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

ஊகம் தவறக்கூடும் என்பதை உணர்ந்தே திபெத்தியர் அதற்கு ஒரு முறையை வகுத்தார்கள். பதின்மூன்றாம் தலாய் லாமா 1933இல் மறைந்தார். அவருடைய மறுபிறவியைத் தேடிச் சென்ற குழுவின் தலைவரான துறவி, வேலைக்காரரைப்போல் உடையணிந்து, 1935இல் பிறந்த ஒரு குழந்தையின் வீட்டுக்குப் போனார். அவர் கழுத்தில் கிடந்தது மறைந்தவரின் செபமாலை. குழந்தை அதைக் கேட்டது; அவர் சேரா மடத்துத் துறவி என்பதையும் சொன்னது. அத்தோடு அவர்கள் நிறைவடையவில்லை. மறைந்தவரின் பொருள்களோடு அவற்றைப் போன்ற வேறு பொருள்களையும் கலந்து வைத்துச் சோதித்தார்கள். இரண்டு ஊன்றுகோல்களில் குழந்தை முதலில் மற்றதைத் தொட்டுவிட்டுப் பிறகே உரியதை எடுத்தது என்று பதிவாகியிருக்கிறது. அந்தத் தயக்கமே அக்காட்சிக்கு உயிர்.

நம் மணிமேகலையில் இதன் மறுபக்கம் இருக்கிறது. சோழ இளவரசன் உதயகுமரனைக் கண்டபின், அயலான் ஒருவன் பின்னே தன் நெஞ்சு போகிறதே என்று தோழி சுதமதியிடம் மணிமேகலை சொல்லி, அதைக் காமத்தின் இயல்பு என்றே எடுத்துக்கொள்கிறாள். விட்ட குறை தொட்ட குறை என்று நாம் சொல்வது அவளுக்குத் தோன்றவேயில்லை. மணிபல்லவத்தில் புத்த பீடிகையைத் தொழுத பிறகுதான் தன் பழம்பிறப்பை உணர்கிறாள். அவன் அப்பிறப்பில் தன் கணவனாக இருந்த இராகுலன் என்பதும் அங்கேதான் தெளிகிறது. அருகில் இயல்பான காரணம் ஒன்று இருக்கும்போது மனம் தொலைவில் இருப்பதைத் தேடுவதில்லை. சாத்தனார் அதை அறிந்து எழுதியிருக்கிறார்.

இனி எஞ்சுவது, ஊகித்தவர் சொல்வதைக் கேட்பவர் ஏன் நம்ப வேண்டும் என்பது. துருபதனின் பிள்ளை அம்பையே என்று பீஷ்மர் சொல்லி முடித்தபோது, ஐயப்பட எல்லாக் காரணமும் துரியோதனனுக்கு இருந்தது. அவன் படைத்தலைவர் எதிரியின் வீரன் ஒருவனைத் தொட மறுக்கிறார். ஆனாலும் அவன் சான்று கேட்கவில்லை. ஒரு முழு வாழ்நாளின் கதையைக் கேட்டிருந்தான். சற்று நேரம் சிந்தித்தான். பீஷ்மருக்கு இது தகும் என்று எண்ணினான்.