கரி தீர்ந்த ஊர்களுக்கு 'டி' என்று பெயர்

எல்லோருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட இடம் டர்ஹாம் கவுண்டி. இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கிறது. கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டம் மாதிரி. பழைய எல்லைப்படி வடக்கே டைன் ஆறு, தெற்கே டீஸ் ஆறு, மேற்கே பென்னைன் மலை, கிழக்கே வடகடல். நடுவில் வியர் ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. 1913-ஆம் ஆண்டு வாக்கில் இந்த எல்லைக்குள் ஒன்றரை லட்சம் பேருக்கும் மேல் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தார்கள். இன்று அங்கே ஒரு சுரங்கம்கூட இல்லை.

பள்ளியில் புவியியலைத் தனியாகவும் வரலாற்றைத் தனியாகவும் படித்தோம். டர்ஹாமில் அப்படிப் பிரிக்க வழியில்லை. எந்த ஊர் எப்போது பிறக்கும், எத்தனை காலம் இருக்கும் என்பதை அங்கே பாறைதான் முடிவு செய்தது.

எப்படி என்று சொல்கிறேன். அங்கே நிலக்கரி அடுக்குகள் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்து இறங்குகின்றன. மேற்குப் பக்கம் பள்ளத்தாக்குகளின் ஓரத்தில் கரி கண்ணுக்குத் தெரியும்படியே கிடந்தது. அதனால் இடைக்காலத்திலேயே வெட்டத் தொடங்கிவிட்டார்கள். டர்ஹாம் பிஷப்புகள் அப்போது பாதி அரசர்கள். 1836 வரை அவர்களுக்கு அந்த அதிகாரம் இருந்தது. தங்கள் நிலத்தில் கரி வெட்டும் உரிமையை அவர்களே குத்தகைக்கு விட்டார்கள். வெட்டிய கரியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக மரத் தண்டவாளம் போட்டு, குதிரைகளை வைத்து வண்டி இழுத்தார்கள். அதற்காக 1720-களில் கட்டிய காஸி கல்பாலம் இன்றும் நிற்கிறது. அப்புறம் 1825-இல் ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில் பாதை வந்தது. அந்தப் பாதையின் மேற்கு முனை விட்டன் பார்க் என்ற ஊர்ப் பக்கத்துச் சுரங்கங்கள். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

கிழக்கே நிலைமை வேறு. அங்கே கரிக்கு மேல் கனமான சுண்ணாம்புப் பாறை மூடியிருக்கிறது. அதற்கு அடியில் கரி இருக்குமா என்பதே வெகுநாள் சந்தேகம். 1822-இல் ஹெட்டன் சுரங்கம் அந்தப் பாறையைத் துளைத்துக் கரியைத் தொட்ட பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. ஆனாலும் அந்தப் பாறை முழுக்கத் தண்ணீர். ஈசிங்டனில் 1899-இல் குழி தோண்ட ஆரம்பித்தவர்களுக்குக் கரியை வெளியே எடுக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. இவ்வளவு செலவு செய்து இறங்கியதால் கிழக்கில் சுரங்கங்களும் பெரிது, ஊர்களும் பெரிது. கடலுக்கு அடியிலேயே மைல் கணக்கில் வெட்டிக்கொண்டு போனார்கள். ஆக, மேற்கில் சீக்கிரம் பிறந்த சின்ன ஊர்கள், கிழக்கில் தாமதமாக வந்த பெரிய ஊர்கள்.

உள்ளே வேலை எப்படி என்று கேட்கிறீர்களா? காற்றுப் போக்குக்காகச் சுரங்கத்துக்குள் மரக் கதவுகள் இருக்கும். வண்டி வரும்போது திறந்து, போனதும் மூட வேண்டும். அந்த வேலைக்குச் சின்னப் பையன்களை இருட்டில் உட்கார வைத்திருந்தார்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை இறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1842-இல்தான். பத்து வயதான பிள்ளை இறங்கலாம் என்றும் அதற்கு அர்த்தம். பிற்பாடு டர்ஹாம் கவுண்டி கவுன்சிலின் தலைவரான பீட்டர் லீ அப்படிப் பத்து வயதில் இறங்கியவர்தான்.

1880 செப்டம்பரில் சீஹாம் சுரங்கம் வெடித்து 164 பேர் இறந்தார்கள். எல்லோரும் அந்த நொடியிலேயே போய்விடவில்லை. வழி அடைபட்டு உள்ளே மணிக்கணக்கில் உயிரோடு இருந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் தன் தகரத் தண்ணீர்க் குப்பியின் மேல் மனைவிக்குக் கடிதத்தைக் கீறி வைத்தார். உடனிருந்தவர்கள் துதிப் பாடல் பாடிக்கொண்டிருந்ததாகவும், தனக்குத் தங்கள் சின்ன மகன் ஞாபகமாகவே இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். அந்தக் குழந்தை வீட்டில் உடம்பு சரியில்லாமல் கிடந்தது. தீ அடங்குவதற்காக உள்ளே ஒரு பகுதியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். சில உடல்கள் வெளியே வர ஒரு வருஷம் ஆனது. காகிதம் இல்லாத இடத்தில் தகரத்தில் எழுதிய அந்த ஆளை நினைக்காமல் டர்ஹாமைப் பற்றி என்னால் பேச முடிவதில்லை.

சரி, 1951-க்கு வருவோம். அந்த வருஷம் மே 29-ஆம் தேதி ஈசிங்டன் சுரங்கம் வெடித்தது. காப்பாற்றப் போன இரண்டு பேரோடு சேர்த்து 83 பேர் இறந்தார்கள். அதே வருஷம்தான் கவுண்டி நிர்வாகம் ஒரு வளர்ச்சித் திட்டம் போட்டது. ஊர்களை ஏ, பி, சி, டி என்று நாலாகப் பிரித்தது. டி பிரிவில் விழுந்த ஊருக்கு இனி புது வீடு கிடையாது, புதுச் செலவு கிடையாது. இருக்கிற வீடுகள் காலம் முடிந்ததும் இடிக்கப்படும், மக்கள் வேறிடம் போக வேண்டும். அப்படி 114 ஊர்கள். பெரும்பாலும் மேற்கில், கரி முதலில் தீர்ந்த பகுதியில். விட்டன் பார்க்கும் அதில் ஒன்று. உலகத்துக்கே ரயில் கற்றுக்கொடுத்த பாதை எங்கே ஆரம்பித்ததோ அந்த ஊருக்கு டி!

திட்டம் போட்டவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. தொழிலாளர் கட்சிக்காரர்கள். பலர் சுரங்கக் குடும்பங்களிலிருந்தே வந்தவர்கள். ஒழுகும் கூரையும் வெளிக் கழிப்பறையுமாக இருந்த வீடுகளிலிருந்து மக்களை நல்ல வீட்டுக்கு மாற்ற வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தார்கள். பீட்டர் லீயின் பெயரிலேயே பீட்டர்லீ என்று ஒரு புது நகரமும் எழுந்தது. ஆனாலும் அவர்கள் செய்தது தப்பு என்றே நான் சொல்வேன். கரி இருக்கும் வரைதான் ஊர் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். கோயில், கூட்டுறவுக் கடை, பாண்டு வாத்தியக் குழு, பக்கத்து வீட்டு அக்கா, அப்பாவைப் புதைத்த இடம், இவற்றுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. சில ஊர்களை முழுக்க இடித்தார்கள். விட்டன் பார்க்கிலும் தெருத் தெருவாக இடித்தார்கள். மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். 1977-இல் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். டி வாங்கிய ஊர்களில் பெரும்பாலானவை இன்றும் இருக்கின்றன, விட்டன் பார்க் உட்பட.

கிழக்கின் பெரிய சுரங்கங்களும் நிலைக்கவில்லை. 1984-85-இல் சுரங்கங்களை மூடுவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் நடத்திய ஒரு வருஷ வேலைநிறுத்தம் தோற்றது. ஈசிங்டன் 1993-இல் மூடப்பட்டது. அந்த வருஷ டிசம்பரில் சண்டர்லாந்தின் வியர்மவுத் சுரங்கமும் போனது. அதுதான் கடைசி. இப்போது அந்த இடத்தில் கால்பந்து மைதானம் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று நிற்கவில்லை. 1871-இல் ஆரம்பித்த சுரங்கத் தொழிலாளர் திருவிழா ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் டர்ஹாம் நகரத்தில் நடக்கிறது. ஒவ்வொரு ஊரும் தன் பட்டுப் பதாகையைத் தூக்கிக்கொண்டு பாண்டு வாத்தியத்தோடு வருகிறது. ஒரு ஊரின் சுரங்கத்தில் அந்த ஆண்டு யாராவது இறந்திருந்தால் அந்தப் பதாகையின் மேல் கறுப்புத் துணி சுற்றி வருவது பழைய வழக்கம். சுரங்கம் மூடி முப்பது வருஷம் ஆன பிறகும், நைந்துபோன பதாகைக்குப் பதிலாகக் காசு சேர்த்துப் புதிதாகச் செய்கிறார்கள். பிற்பகலில் சில பதாகைகள் தொள்ளாயிரம் வருஷப் பழமையான பேராலயத்துக்குள் போகும். ராபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி, வேல்ஸில் 1934-இல் வெடித்த கிரெஸ்ஃபோர்டு சுரங்கத்தில் இறந்த 266 பேருக்காக அமைத்த இசையை வாசிப்பார்கள். அதற்கு வார்த்தை கிடையாது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் சும்மா நிற்பார்கள்.