ஓபோ கொடுக்கும் சுருதி

நேயர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் நெருங்குகிறது. நம் நீலகிரியில் அது இரண்டாவது சீசன். உதகைப் பூங்காவில் பூந்தொட்டிகளை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். மும்பையிலும் அதே மாதத்தில் ஒரு சீசன் உண்டு. நாரிமன் முனையிலுள்ள தேசிய நிகழ்கலை மையத்தில், மேற்கத்திய சாஸ்திரிய இசை வாசிக்கும் இந்திய சிம்பொனி இசைக்குழுவின் சீசன் அது. பிப்ரவரியில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்பது அவர்கள் வழக்கம். 2006இல் குஷ்ரு சன்டூக் என்ற இசை அன்பரும், கஜகஸ்தானைச் சேர்ந்த வயலின் கலைஞர் மராட் பிசெங்கலியேவும் சேர்ந்து தொடங்கிய குழு. ஜாகிர் உசேன் தபலாவுக்கென எழுதிய கன்செர்ட்டோவை, அதாவது ஒரு தனி வாத்தியம் முன்னின்று முழுக் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பை, எடுத்துக்கொண்டு 2019இல் பிரிட்டன் வரை போய் வாசித்துவிட்டு வந்தார்கள்.

குன்னூரில் வயலின் கற்றுத்தரும் நான், இந்த முறை மாணவர்கள் நான்கு பேரோடு கோவையிலிருந்து குர்லா எக்ஸ்பிரஸில் புறப்படுகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பெற்றோர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "டீச்சர், பாட்டே இல்லாமல் இரண்டு மணி நேரம். பிள்ளைகளுக்குப் புரியுமா?"

புரியும். மேடையில் எண்பது பேர் இருப்பார்கள். எண்பதையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். என் மாணவர்களுக்கு நான் சொல்லியிருப்பது ஓபோ.

வயலின் ஆசிரியை ஓபோவைச் சொல்வானேன்? அது நமக்குச் சொந்தக்கார வாத்தியம். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படித்தான் ஓபோவுக்கும். நாணல் தட்டையை மெலிதாகச் சீவி, இரண்டு இதழ்களாகச் சேர்த்துக் கட்டி ஊதுகிறார்கள். அந்த இதழ்களின் துடிப்புதான் குழலுக்குள் இறங்கி நாதமாகிறது. நம் சீவாளிக்குக் காவிரிக் கரை நாணல். அவர்களுக்குத் தென் பிரான்சின் நாணல். இந்த மலையின் பழங்குடியினரான கோத்தர்கள் கம்பட்டராயர் திருவிழாவில் ஊதும் 'கொள்' என்ற குழலும் இதே இனம்தான். குளிர்காலத்து இரவில் பறையோசைக்கு மேலே அது தனியாக எழுவதைக் கேட்ட காதுக்கு ஓபோ அந்நியமாகவே இருக்காது.

கச்சேரி தொடங்குமுன் அரங்கு அமைதியாகும். ஓபோ ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும். அதற்குத்தான் மற்ற எல்லோரும் சுருதி சேர்ப்பார்கள். விநாடிக்கு 440 அதிர்வுகள் என்பது பொது அளவு. சில குழுக்கள் 442 வைத்துக்கொள்கின்றன. நம் கச்சேரியில் பாடுகிறவரின் குரலுக்கேற்பச் சுருதி மாறும். அங்கே யார் வந்தாலும் அந்த ஒன்றுதான். அதைக் கொடுக்கும் பொறுப்பு ஓபோவுக்கு வந்ததற்குக் காரணம், அதன் நாதம் கூர்மையானது, ஆடாமல் நிற்கக்கூடியது. மலையில் இருக்கும் எங்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். டிசம்பர் குளிரில் தேவாலயத்தில் கேரல் வாசிக்கும்போது புல்லாங்குழலின் சுருதி இறங்கும், வயலின் கம்பியோ இறுகி ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் சுருதி சேர்த்தே எங்கள் விரல் விறைத்துப் போகும்.

பீத்தோவன் முழு இசைக்குழுவுக்கென எழுதிய ஐந்தாவது சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் முதன்முதலாக ஒலித்தது. கடுங்குளிரில் நான்கு மணி நேரம் நீண்ட கச்சேரி அது. தொடக்கத்தின் நான்கு சுரங்கள் உலகுக்கே தெரியும். ஆனால் முதல் பகுதியில் பாதி தாண்டியதும் ஓர் இடம் வருகிறது: புயல்போல் ஓடிக்கொண்டிருக்கும் மொத்தக் குழுவும் சட்டென்று நின்றுவிடும். ஓபோ மட்டும், தாளக் கட்டில்லாமல், நம் ஆலாபனை போல ஒரு சிறு வரியைப் பாடும். சில விநாடிகள்தான். பிறகு புயல் மறுபடி பிடித்துக்கொள்ளும். எத்தனையோ ஆண்டுகள் கேட்டும், அந்த இடம் வருமுன் என் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. அந்தச் சில விநாடிகளைத் தவறவிடாமல் காத்திருக்கும் பிள்ளை, முன்னாலும் பின்னாலும் உள்ள எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருக்கும்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் வயலின் கன்செர்ட்டோ இன்னொன்று. 1879 புத்தாண்டு நாளில் லைப்சிக் நகரில் அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதியின் மெட்டு வயலினில் தொடங்குவதில்லை, ஓபோவில் தொடங்குகிறது. ஸ்பெயினின் பெரும் வயலின் கலைஞர் சரசாட்டே அதை வாசிக்க மறுத்தாராம். அந்தப் பகுதியின் நல்ல மெட்டை ஓபோ ஊத, தான் வயலினைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்பதா என்று கேட்டாராம். நான் வயலின்காரிதான். ஆனாலும் இதில் பிராம்ஸ் பக்கம் நிற்கிறேன். அந்த மெட்டை ஓபோ முதலில் சொல்லியிருக்காவிட்டால், பிறகு வயலின் அதை எடுத்து நெகிழ்த்திக்கொண்டு போகும் அழகு வந்திருக்காது.

மும்பைக்கு வர முடியாதவர்களுக்காக நிலையத்தாரிடம் ஒன்று கேட்டிருந்தேன். அன்புடன் சம்மதித்தார்கள். என் பேச்சு முடிந்ததும் அந்த இரண்டாம் பகுதியை ஒலிபரப்புகிறார்கள். முதல் இரண்டு நிமிடம் போல வயலின் வராது. அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு வந்து உட்காருங்கள். மெட்டை முதலில் எடுத்து வருவது ஓபோ.