பங்குனியில் பறக்கணும்: தரிசு நிலத்துச் சீமைக் கருவேலத்துக்கு ட்ரோன்

[திரை: திருநெல்வேலி மாவட்டம் மானூர் பக்கம் ஒரு மானாவாரிப் புஞ்சை, மேலிருந்து. காய்ந்த மண், மஞ்சள் புல், நடுவில் பச்சைத் திட்டுகள்.]

தரிசுல மண்டின சீமைக் கருவேலத்தை ஜேசிபி வச்சு எடுக்கிறதுக்கு முன்னாடி, அது எங்க, எவ்வளவு நிக்குதுன்னு ட்ரோன்ல படம் எடுத்துக் கணக்குப் பாக்கிறதுதான் இன்னைக்கு விஷயம். இது பங்குனியில எடுத்த படம். புல்லு பூராவும் காஞ்சு கிடக்கு. பச்சையா நிக்கிறது எல்லாம் ஆழமா வேர் விட்ட மரங்க: பனை, வேம்பு, மிச்சம் பெரும்பாலும் சீமைக் கருவேலம். இதே நிலத்தை மார்கழியில எடுத்தா, ஐப்பசி கார்த்திகை மழையில முளைச்ச புல்லும் பூண்டும் சேர்ந்து எல்லாமே பச்சை. எதையும் பிரிக்க முடியாது. ஆனி ஆடியில பறக்கலாம்னா காத்து விடாது. பணகுடிப் பக்கம் மின்சாரக் காத்தாடி சும்மாவா நட்டு வச்சிருக்காங்க? ட்ரோன் வாடகை பேசுறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க. மாசிக் கடைசியில இருந்து சித்திரைப் பாதி வரைதான் நமக்குத் தோது.

[திரை: டிஜிட்டல் ஸ்கை (ட்ரோனுக்கான மத்திய அரசு இணையதளம்) வரைபடம், சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்கள்.]

2021 ட்ரோன் விதிகள்படி, பச்சை மண்டலத்துல 400 அடி உயரம் வரைக்கும் முன் அனுமதி வேண்டாம். ஆனா நம்ம சீமையில கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கு, மகேந்திரகிரியில இஸ்ரோ இருக்கு, விஜயநாராயணத்துல கடற்படைத் தளம், வாகைக்குளத்துல விமான நிலையம், மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சொந்த நிலம்தானேன்னு தூக்கிவிட முடியாது. உங்க சர்வே நம்பர் எந்த நிறத்துல விழுதுன்னு பறக்கிற அன்னைக்கே பாருங்க, மண்டலம் மாறும். ட்ரோனுக்குப் பதிவு எண் இருக்கணும். 2 கிலோவுக்குள்ள உள்ளதை சொந்தத் தேவைக்கு ஓட்ட பைலட் சான்றிதழ் கேக்க மாட்டாங்க. வாடகைக்கு ஓட்ட வர்றவர்கிட்ட அது கட்டாயம் வேணும்.

[திரை: பத்து ஏக்கர் சதுரம், அதன் மேல் ட்ரோன் போகும் கோடுகள்.]

பத்து ஏக்கர்னா, சதுரமா நினைச்சா, பக்கத்துக்கு 200 மீட்டர். 20 மெகாபிக்சல், ஒரு இஞ்ச் சென்சார் கேமராவை 60 மீட்டர் உயரத்துல ஓட்டினா, ஒரு படம் சுமார் 90 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம் பிடிக்கும். படத்துல ஒரு புள்ளின்னா தரையில ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம். பிறகு எல்லாத்தையும் ஒரே படமா ஒட்டுறதுக்கு, முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டுல 70 சதவீதம் படம் மேல படம் விழணும். கணக்குப் போட்டா எட்டு கோடு, ஏறத்தாழ 140 படம். நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல ஏழெட்டு நிமிஷம். ஒரே பேட்டரி போதும்.

பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு இந்தச் சதவீதத்தைக் குறைச்சிடாதீங்க. கருவேல இலை ஊசி ஊசியா இருக்கும், லேசான காத்துக்கே ஆடும். அடுத்தடுத்த படத்துல ஒரே கிளை ஒரே இடத்துல இருக்காது. மென்பொருள் ஒட்ட முடியாம நடுவுல ஓட்டை விட்டுடும். அதுவும் அடர்ந்த கருவேலங்காட்டு நடுவுலதான் விடும், உங்களுக்கு வேண்டிய இடத்துல.

நேரம் காலை பத்துல இருந்து பதினொன்றரை. பங்குனிக் கடைசியில சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வந்துடும், நிழல் சுருங்கிடும். அதுக்கு மேல சூடு. பல ட்ரோன்கள் 40 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். பூட்டின காருக்குள்ள வச்ச பேட்டரி உப்பிப்போகும்.

[திரை: பனை உச்சியில் சிக்கிய ட்ரோன், படமாக வரைந்தது.]

இங்க ட்ரோனுக்குப் பெரிய ஆபத்து பனை. சிக்னல் போனா தானா கிளம்பின இடத்துக்குத் திரும்புற உயரத்தை 20, 30 மீட்டர்ல விட்டிருப்பாங்க. நல்லா வளர்ந்த பனை 30 மீட்டரைத் தொடும். அதையும் 60 ஆக்குங்க. பருந்து வந்தா கீழே இறக்காதீங்க, நேரா மேலே ஏத்துங்க. செங்குத்தா ஏறுறதுல அது பின்தங்கும்.

[திரை: எல்லைக்கல் பக்கம் சுண்ணாம்புப் பொடியால் போட்ட பெருக்கல் குறி.]

சாதாரண ட்ரோனோட ஜிபிஎஸ் மூணு நாலு மீட்டர் தள்ளிக் காட்டும். காட்டைக் கணக்கெடுக்க அது போதும், வரப்புக்குப் போதாது. மூணு மீட்டர்னா அது அடுத்தவர் நிலம். பறக்கிறதுக்கு முன்னாடி நாலு எல்லைக்கல் பக்கத்திலயும் நடுவுல ஒரு இடத்திலயும் சுண்ணாம்புல ஒரு மீட்டர் குறி போடுங்க. இணையத்துல எடுத்த புலப்படத்தோட (சர்வே நம்பரோட எல்லை அளவு போட்ட அரசு வரைபடம்) அந்தக் கல்லுகளைப் பொருத்தி, படத்தை நகர்த்தி உட்கார வைக்கலாம். ஜேசிபி வந்த பிறகு நடக்கிற சண்டையில பாதி இதுலயே தீர்ந்துடும்.

படங்களை ஒட்ட வெப்ஓடிஎம், பார்க்க கியூஜிஐஎஸ். ரெண்டும் இலவச மென்பொருள். கியூஜிஐஎஸ் ராஸ்டர் கால்குலேட்டர்ல ஒவ்வொரு புள்ளியோட பச்சை அளவை ரெண்டால பெருக்கி, அதுல இருந்து சிவப்பு அளவையும் நீல அளவையும் கழிங்க. காஞ்ச புல் மங்கிப்போய், உயிருள்ள பச்சை மட்டும் எழும்பி நிக்கும்.

ஆனா அந்தக் கணக்குக்கு மரத்தோட பேர் தெரியாது. அதைக் கண்ணாலதான் பிரிக்கணும். பனை நட்சத்திரம் மாதிரி இருக்கும். வேம்பு அடர்ந்த உருண்டை. சீமைக் கருவேலம் வெளிறின பச்சை, விளிம்பு கலைஞ்சு, பக்கத்து மரத்தோட சேர்ந்தே கிடக்கும். தட்டையா, குடை விரிச்ச மாதிரி தனியா ஒரு வட்டம் தெரிஞ்சா அது நாட்டு உடை, குடைவேல். நம்ம ஊர்ல ரெண்டையுமே உடைன்னுதான் சொல்றோம். ஜேசிபி ஓட்டுறவரும் அப்படித்தான். நிறுத்த வேண்டிய மரத்துக்குப் படத்துல ஒரு நிறம் கொடுத்து, தரையில போய் அதே மரத்துல பெயிண்ட் அடிச்சுட்டு வாங்க. கருவேலம் மூடின பரப்பையும் இதே படத்துலயே அளந்துக்கலாம். கரிமூட்டம் போடுறவர்கிட்ட விலை பேச அது கையில இருக்கணும்.

[திரை: மருந்து ட்ரோன், பத்து லிட்டர் டேங்க்.]

"மேலிருந்தே மருந்தடிச்சுட்டா?" வளர்ந்த கருவேலத்துக்கு அது வீண் செலவு. துளி மேல் இலையோட நின்னுடும். இலை கொட்டும், அடிக்கட்டையில இருந்து மறுபடி தழையும். தூறல் காத்துல போய்ப் பக்கத்து வாழையில விழும். பொத்தாம்பொதுவாக் கொல்ற களைக்கொல்லி கிளைபோசேட்டைப் பூச்சி ஒழிப்பு வேலை செய்றவங்க (Pest Control Operators) மூலமாத்தான் பயன்படுத்தணும்னு மத்திய அரசு 2022 அக்டோபர்ல அறிவிக்கையும் போட்டது. தூரோட தோண்டுறதுதான் வழி. தரைமட்டத்துல வெட்டினா ஒண்ணு நாலாத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழ ஒரு அடி வரைக்கும் உள்ள வேர்க்கழுத்து வெளியே வரணும்.

[திரை: அடுத்த பங்குனி, அதே நிலம், 30 மீட்டர் உயரத்திலிருந்து.]

அடுத்த வருஷம் அதே மாசம், உயரமான பனை இல்லாத பக்கமாப் பாத்து 30 மீட்டர்ல பறங்க. ஒரு அடி அகலக் கன்னு கூடத் தெளிவாத் தெரியும். போன வருஷப் படத்தை மேல போட்டா, பழைய மரம் நின்ன புள்ளியில வர்ற பச்சை தூர் விட்டுப்போன தழைவு. புது இடத்துல வர்றது விதைக் கன்னு. தழைவுக்குக் கடப்பாரை வேணும், கன்னை ஈர மண்ணுல கையாலயே பிடுங்கலாம்.

இந்தப் படத்துல மூலையைப் பாருங்க. கன்னு எல்லாம் அளந்து நட்ட மாதிரி ஒரே சதுரத்துக்குள்ள நிக்கு. அது ஆட்டுக்கிடை போட்ட இடம். ஆடு கருவேலக் காயைத் தின்னு, விதையைப் புழுக்கையோட அங்கேயே போட்டிருக்கு. காய் உதிர்ற சமயத்துல கிடை போட்டா, எந்த மூலையில போட்டீங்கன்னு குறிச்சு வச்சுக்கோங்க. அடுத்த தடவை ட்ரோனை முதல்ல அங்கதான் விடணும்.